3 மி.மீ. கருவியைக் கையில் எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிறந்த குழந்தையின் குடலடைப்புக்குச் சிறு துளை வழியே செய்யும் கீஹோல் அறுவை நல்லதா, வயிற்றைத் திறப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறாய். இப்படிப் பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த அடைப்பு, எந்தக் குழந்தை, அன்றைக்கு மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று சொல், பேசலாம்.

பச்சையாக வாந்தி எடுக்கும் சிசுவுக்குக் குடல் முறுக்கியிருக்கிறது என்றே முதலில் நினை. இல்லை என்று உறுதியான பிறகு மற்ற யோசனை. முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் கருகிவிடும். வயிறு உப்பிக் குழந்தை துவண்டிருந்தால் கேமராவைத் தேடாதே. திற. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் முறுக்கைப் பிரி. பிறகு செய்ய வேண்டியதை பாஸ்டனின் வில்லியம் லாட் 1936-லேயே எழுதிவிட்டார். இன்றும் அதுதான் வழி.

முன்சிறுகுடல் அடைப்பு அப்படி அவசரப்படுத்தாது. எக்ஸ்ரேயில் இரட்டைக் குமிழி தெரிந்து, முறுக்கு இல்லை என்றும் ஆகிவிட்டால், மூக்கு வழியே குழாய் விட்டு, டிரிப் ஏற்றி, ஓரிரு நாள் காத்திருக்கலாம். அந்த அவகாசத்தில் எக்கோ எடுத்துவிடு. இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். இதயக் குறையும் கூடவே வரலாம். கீஹோலுக்காக நாம் வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலக்கும், உதரவிதானத்தை மேலே தள்ளும். 5 முதல் 8 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது கேட்கச் சின்ன எண்தான். இதயம் சரியில்லாத இரண்டு கிலோ குழந்தைக்கு அது பெரிய சுமை.

உப்பிய மேல்குடலையும் சுருங்கிய கீழ்குடலையும் வைர வடிவில் இணைக்கும் முறையை ஜப்பானின் கிமுரா 1977-இல் வெளியிட்டார். திறந்து செய்தாலும் துளை வழியே செய்தாலும் உள்ளே போடுவது அந்தத் தையலைத்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கிளாஸ் பாக்ஸ் குழுவினர் 2001-இல் அதைத் துளை வழியே செய்ததாக அறிவித்தார்கள். பிறகு அங்கேயே தையல் கசிவுகள் அதிகமாயின, நிறுத்திவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கி, நடந்ததை மறைக்காமல் 2011-இல் எழுதினார்கள். கருத்தரங்க வீடியோக்களைப் பார்க்கும் முன் அதைப் படி. முன்னோடிகளே நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், பாதியில் திறந்துவிட உனக்கென்ன வெட்கம்?

அதற்கும் கீழே, இடைச்சிறுகுடலில் அடைப்பு என்றால் நான் பெரும்பாலும் கீஹோலுக்குப் போவதில்லை. கருவிலேயே குடலுக்கு ரத்தம் தடைபடுவதால் இது வருகிறது என்று 1955-இல் கேப்டவுனில் லோவும் பர்னார்டும் நாய்க் கருக்களில் செய்து காட்டினார்கள். (1967-இல் இதயத்தை மாற்றிவைத்த அதே பர்னார்ட்தான்.) அடைப்பு ஒன்றோடு நிற்காமலும் இருக்கலாம். முழுக் குடலையும் விரலால் தடவி, உப்புநீர் செலுத்திக் கடைசிவரை போகிறதா என்று பார்க்க வேண்டும். உப்பிய குடல் அடைத்துக்கொண்டிருக்கும் வயிற்றில் கேமரா திரும்ப இடம் ஏது? தொப்புளைச் சுற்றிக் கீறி, குடலை வெளியே எடுத்துத் தைத்து உள்ளே வைத்துவிடலாம். இரைப்பை வாய் அடைப்புக்கு டானும் பியாங்கியும் 1986-இல் சொன்ன கீறல் அது. தழும்பு தொப்புள் மடிப்பிலேயே மறைந்துவிடும்.

பெண் குழந்தை என்றால் பாட்டி தழும்பைப் பற்றித்தான் முதலில் கேட்பார். எரிச்சல்படாதே, அவர் கவலை அவருக்கு. தழும்பு காலப்போக்கில் மங்கும், தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாகச் சொல். நீ இதுவரை எத்தனை செய்திருக்கிறாய் என்று அப்பா கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்.

திறந்து செய்வதில் கை நன்றாகப் பழகட்டும். பிறகு கீஹோலை, இதயம் சரியாக உள்ள, எடை போதுமான, முன்சிறுகுடல் அடைப்பு மட்டுமே உள்ள குழந்தையில், அனுபவசாலி ஒருவர் எதிரே நிற்க, பகல் வேளையில் தொடங்கு. ஓப்பன் செட்டையும் பிரித்துத் தயாராக வைக்கச் சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்