கிணறும் எங்கள் சோறும்

நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். நல்ல தண்ணீர் இருந்தால் குடிக்கலாம், தோட்டம் செய்யலாம், நாலு காசு தேடலாம். கிணறு உவராகிப் போனால் காணி இருந்தும் பயனில்லை.

யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் நிலத்தடி நீரை நம்பியே விளைகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே கீழிறங்கித் தேங்குகிறது. பாரம் குறைந்த இந்த நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது.

இதற்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். அந்த 1 அடியை நாங்கள் இழந்தால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலேறக்கூடும். துலாவில் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு இடைவேளை கிடைத்தது. இயந்திரம் அந்த இடைவேளையைத் தராது. நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றில் சேர்கிறது. இது கைக்குழந்தைகளுக்குக் கேடு. கொதிக்க வைத்தாலும் நீங்காது.

நாங்கள் செய்யக்கூடியவை:

1. கைவிடப்பட்ட கிணற்றில் வெடிபொருட்கள் இருக்கலாம். பாதுகாப்பானது என உரியவர்கள் உறுதிப்படுத்தும் வரை இறங்கவோ இறைக்கவோ வேண்டாம்.
2. துப்புரவாக்கிய கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.
3. காலையிலும் மாலையிலும் விட்டுவிட்டு இறையுங்கள். தண்ணீர் உவர்க்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.
4. பயிரடியை வைக்கோல், இலைகுழைகளால் மூடுங்கள். ஈரம் நிற்கும், இறைப்புச் செலவும் குறையும்.
5. பசளையின் அளவைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிந்து இடுங்கள்.
6. மாரிக்கு முன் ஊர்க்குளத்தைக் கூடித் தூர்வாருங்கள். குளத்தில் நிற்கும் தண்ணீர் கிணற்றிலும் ஊறும்.

கலந்துரையாடுவோம்: அடுத்த வளவுக்காரர் நாள் முழுவதும் இறைத்தால் உங்கள் கிணற்றுக்கு என்ன நடக்கும்? இதை ஊரவர் கூடி எப்படித் தீர்க்கலாம்?