ஏர் பிடித்த கையில் எழுதுகோல்

நுழையும்முன்

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் பெயரால் எழுதப்படுகிறது. உழவராயிருந்து படைவீரரானோரின் நாட்குறிப்புகளும் மடல்களும் அவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில், வட மாநிலங்களின் படையினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உழவர்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு ஏடுகளில் அவர்கள் பென்சிலால் நாட்குறிப்பு எழுதினர். போரைவிட மழை, நடந்த தொலைவு, உணவு, காய்ச்சல் ஆகியவையே அவற்றில் மிகுதி. இதில் வியப்பில்லை, காயம்பட்டு மடிந்தோரைப்போல் ஏறத்தாழ இருமடங்கினர் நோயால் மடிந்தனர்.

வீட்டுக்கு வரைந்த மடல்களில் உழவரே பேசுகிறார். எவ்வயலில் கோதுமை விதைப்பது, எக்குதிரையை விற்பது, கடனை எப்போது அடைப்பது என மனைவிக்கு அறிவுரைகள் விரிகின்றன. நாளடைவில் பல மடல்களில் அறிவுரை குறைந்து வினா மிகுகிறது. பண்ணையை மனைவியே திறம்பட நடத்தத் தொடங்கியதன் அடையாளம் அது.

படைவீரர் மடல்களைத் தணிக்கை செய்யும் முறையான ஏற்பாடு அன்று இல்லை. ஆதலின் அச்சமும் ஏக்கமும் மறைக்கப்படாமல் நம்மை வந்தடைந்துள்ளன. பாதியில் நின்றுபோன நாட்குறிப்பின் வெற்றுப் பக்கங்களும் வரலாற்றுச் சான்றுகளே.

தெரிந்து தெளிவோம்

படைமுகாமில் அஞ்சல்தலை கிடைப்பது அரிதாயிருந்தது. எனவே, 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீரர்கள் அஞ்சல்தலையின்றி மடல் அனுப்ப முடிந்தது; 3 சென்ட் கட்டணத்தைப் பெறுநர் செலுத்தினார்.