அந்த ஜீப்பின் தலையில் எதையும் ஏற்றாதே

உத்தமபாளையம்,
ஆடி வெள்ளி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சாரல் விட்டு விட்டு விழுகிறது. முதல் போக நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது.

அக்கா நேற்று ராத்திரி போன் போட்டாள். ஜீப்பை நீ கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று மாதம் நிறுத்தி வேலை பார்க்கப் போகிறாயாம். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. உன்னிடம் அதைக் காட்டியிருக்க மாட்டாள். நீ அனுப்பிய பட்டியலை எனக்கும் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டாள். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக ஒரு முறை படி.

லடாக் வரை ஊர் சுற்ற ஆசைப்படுவதைத் தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். இந்த வயதில் போகாமல் எப்போது போவாய்? உங்கப்பாவுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவர் ஜீப் நெடுங்கண்டம், வண்டன்மேடு தாண்டிப் போனதே இல்லை. விடியக்காலை நாலு மணிக்குக் கம்பத்தில் ஆள் ஏற்றி, ஏலத்தோட்டத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார். அதிலேயே அவர் காலம் போய்விட்டது. அவர் போகாத தூரம் நீ போவாய் என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இல்லை.

பட்டியலுக்கு வருகிறேன். மூன்று அங்குலம் உயர்த்துவது, 31 அங்குல டயர், மேலே இரும்பு கேரியர், அதன்மேல் படுக்கிற கூடாரம், முன்னால் விஞ்ச் வைத்த கனமான பம்பர், டர்போ இன்ஜின், வரிசையாக லைட்டு. அதில் பிரேக் என்ற சொல்லே இல்லை, மாப்பிள்ளை. பஸ் டெப்போவில் பிரேக் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வண்டி எம்.எம். 540. தேனி மாவட்டம் பிறப்பதற்கு முன்பு ரோட்டுக்கு வந்தது, அதனால்தான் மதுரை நம்பர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91 அங்குலம், அதாவது ஏழரை அடிதான். அகலமோ சக்கரத்துக்குச் சக்கரம் நாலடி சொச்சம். கம்பெனி அதை உயரத்தில் எடை தாங்கச் செய்யவில்லை. மேலே இருப்பது படுதாவும் அதைத் தாங்கும் நாலு வளைகம்பியும். கூடாரம் வைக்க வேண்டுமானால் வண்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு அடிக்க வேண்டும். கூண்டு, கேரியர், கூடாரம், இரண்டு கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 150 கிலோவுக்குக் குறையாது. அத்தனையும் உன் தலைக்கு மேலே நிற்கும். வரப்பில் நடக்கிறவள் குடத்தை இடுப்பில் வைத்தால் வீடு வந்து சேர்வாள். ஆளுயரக் கம்பின் நுனியில் கட்டித் தூக்கி நடந்தால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார். அந்த எடையைச் சீட்டுக்குப் பின்னால், தரையை ஒட்டி வைத்தால் வண்டிக்குத் தெரியவே தெரியாது.

பழையதைக் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சொல்லாமல் முடியவில்லை.

இப்போது நிற்கிற வண்டிக்கு முன்னால் ஒன்று இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. அதன் பின்பக்கத்தை ஒன்றரை அடி நீட்டினால் இன்னும் நாலு பேரை ஏற்றலாம் என்று உங்கப்பாவுக்கு ஆசை காட்டியவர்கள் இருந்தார்கள். எந்தப் பட்டறை என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் பிள்ளைகள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். சேஸிஸை அறுத்து, துண்டு வைத்து வெல்டு பண்ணினார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஒட்டின இடத்தில் பற்று ஏறவே இல்லை, மேலாக வழித்து விட்டிருந்தது. அதன்மேல் கருப்பு பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். "மச்சான், இது தாங்காது" என்றேன். "உனக்கு பஸ்தான் தெரியும், ஜீப் தெரியாது" என்றார். அந்தச் சித்திரையில் கம்பம்மெட்டு இறக்கத்தில் வளைவில் ஒடித்தபோது, வெல்டு வைத்த இடத்திலேயே சேஸிஸ் விட்டுப் போனது. உள்ளே தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் பாறைப் பக்கம் விழுந்தார்கள். பள்ளத்துப் பக்கம் விழாமல் போனது சாமி புண்ணியம். உங்கப்பா இடுப்பு அன்று போனதுதான். ஒரு பெண்ணுக்குக் கை விளங்காமலே போய்விட்டது.

ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத மாற்றம் என்று சொல்லி இன்ஷூரன்ஸில் ஒரு ரூபாய் தரவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுக்க நாராயணத்தேவன்பட்டித் திராட்சைத் தோட்டத்தை விற்றோம். யார் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார் என்பதெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியும், அவளிடம் கேட்காதே. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வாங்கிய இந்த வண்டியில் உங்கப்பா வெல்டிங் கம்பியைத் தொடவிட்டதில்லை. ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. அவர் உனக்கு விட்டுப்போனது அந்த மாதிரி வண்டி.

மூன்று அங்குலம் உயர்த்துவதைப் பற்றிச் சொல்கிறேன். நீளமான ஷாக்கிள் போட்டுத் தூக்கினால் முன் ஆக்சில் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஒரு குழியில் இறங்கி ஏறினால் முன் சக்கரம் ஆடத் தொடங்கும், வேகத்தைக் குறைக்காமல் நிற்காது. பின்னால் புரொபெல்லர் ஷாஃப்ட் ரொம்பக் குட்டை. வண்டி உயர்ந்தால் அதன் சாய்வு அதிகமாகி கிராஸ் சீக்கிரம் தேயும். டயர் பெரிதானால் மீட்டரும் பொய் சொல்லும். 29 அங்குல அளவு டயருக்குப் பதில் 31 போட்டால் மீட்டரில் 60 காட்டும்போது நீ 64-இல் போய்க்கொண்டிருப்பாய். பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கு இன்னும் கூடுதல் பலம் வேண்டும். இருப்பதோ நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.

அந்த டிரம்மை நீ கழற்றிப் பார்த்திருக்கிறாயா? முன் சக்கரத்தில் நக்கிள் சீல் போனால் கிரீஸும் ஆயிலும் கசிந்து லைனிங்கில் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. டிரம்மைக் கழற்றி விரலை வைத்தால் வழவழவென்று இருக்கும், மூக்கில் கருகல் வாடை அடிக்கும். அதைத் துடைத்து, தாள் தேய்த்துத் திரும்பப் போடுவார்கள். போடக் கூடாது. லைனிங்கையே மாற்ற வேண்டும், சீலையும் சேர்த்து. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, பெடல் தரை வரைக்கும் போய்விடும். இன்னொன்று, பூஸ்டருக்கு வாக்குவம் இன்ஜின் ஓடினால்தான் வரும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைக்கிற பழக்கம் உன்னோடு வரும் பயல்கள் யாருக்காவது இருந்தால் அவனை ஸ்டியரிங் பக்கமே விடாதே. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. 2022 டிசம்பரில் ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப சாமிமார் எட்டுப் பேர் குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது போனதை மறக்க முடியுமா? அந்தப் பாதையில்தான் நாம் எல்லோரும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வருகிறோம்.

இன்ஜினை மாற்றாதே. பீஜோ டீசல் அது, 2,112 சிசி, மெதுவாகத்தான் போகும். லடாக் பக்கம் 17,500 அடிக்கு மேல் காற்று பாதியாகிவிடும், கரும்புகை கக்கும், அதுவும் தெரியும். மெதுவாகப் போனால் என்ன குறைந்துவிடும்? இன்ஜெக்டரையும் பம்ப்பையும் தேனியில் கொடுத்துச் சரி பார்த்துக்கொள். 1955-இல் லண்டனில் இருந்து சிங்கப்பூருக்கு மாணவர்கள் ஜீப் மாதிரி வண்டியில் கேரியரில் மூட்டை கட்டிப் போனார்கள் என்று அக்காவிடம் சொன்னாயாம். அவர்கள் போனது கம்பெனி கொடுத்த புது லேண்ட் ரோவரில். உன் வண்டிக்கு வயது முப்பது.

சட்டம் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இன்ஜின் மாற்ற வேண்டுமானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். முன்னால் புல் பார் மாதிரி கூடுதல் இரும்புத் தடுப்பு கூடாது என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், வேனை வீடாக்கி ஊர் சுற்றிய யூடியூப் சகோதரர்களின் வண்டியைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்ததை நீயே எனக்கு அனுப்பினாய். நம் ஊரில் இருந்து மேற்கே மலை ஏறினால் கேரளாதான். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு டெல்லி வட்டாரத்தில் 2015-இல் இருந்தே தகராறு, உத்தரவு மாறி மாறி வருகிறது. அந்தப் பக்கம் போகாமல் ராஜஸ்தான், பஞ்சாப் வழியாக ரூட் போடு.

காட்டுக்குள் கூடாரம் போட்டுப் படுக்கலாம் என்ற நினைப்பையும் விட்டுவிடு. மேகமலை 2021-இல் இருந்து புலிகள் காப்பகம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் எத்தனை பிள்ளைகள் கருகினார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிக்கொம்பன் யானை 2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்து நின்றான். ராத்திரி ஊருக்குள் வந்து லாட்ஜில் படு, காசு நான் தருகிறேன்.

முடிவு உன்னுடையது. நான் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வழி, கோயம்புத்தூரில் மூன்று மாதமும் நாலைந்து லட்சமும் கொட்டி, ஆர்.சி.க்கு ஒட்டாத ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் நெஞ்சு படபடக்கப் போவது. இன்னொரு வழி, பிரேக், சீல், நக்கிள், ஸ்பிரிங் புஷ், யு போல்ட், வயரிங் எல்லாம் புதிதாக்கி, கம்பெனி அளவு டயரே புதிதாகப் போட்டு, சாமானைக் கீழே வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போவது. யு போல்ட்டைப் புதிதாகப் போட்ட பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும், யாரும் செய்ய மாட்டார்கள், நீ செய். வயரிங்கில் பழைய துணி சுற்றிய வயர் இன்னும் இருக்கிறது. அதில் லைட்டு வரிசையை மாட்டினால் தீப்பிடிக்கும். இரண்டே லைட்டு, தனி ரிலே, தனி ஃப்யூஸ் போதும்.

முதல் ஓட்டத்துக்கு லடாக் வேண்டாம். சின்னமனூரில் இருந்து மேகமலை ஏறி, ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு வரை போய்வா. அந்த ரோடே உன் ஸ்பிரிங்குக்குச் சோதனை. அடுத்து போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மறையூர், சின்னாறு வழியாக உடுமலை இறங்கி வீட்டுக்கு வா. திரும்பி வந்ததும் டிரம்மைக் கழற்றி நாம் இருவரும் பார்ப்போம். சரியாக இருந்தால் லடாக் என்ன, எங்கே வேண்டுமானாலும் போ.

ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. நீ எங்கள் கண்ணுக்குக் கண்ணான பிள்ளை. சின்ன வயதில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுவாய், அத்தை அதை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். நீ ஓட்டினால்தான் அந்த வண்டிக்கே மரியாதை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிடு. அத்தை நாட்டுக்கோழி அடிக்கிறேன் என்கிறாள். ஒர்க்‌ஷாப் வேண்டாம், நம் வாசலிலேயே ஜாக்கி வைத்து நானே பிரித்துப் போடுகிறேன். ஐந்து டயருக்கும் பணம் என்னுடையது, மறுக்காதே. மூணாறு வரைக்கும் பக்கத்துச் சீட்டில் நானும் வருகிறேன், உனக்குத் தொந்தரவு இல்லையென்றால். உன் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு வா, எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு இன்றே ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் மாமா.

பின்குறிப்பு: டயர் விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். கூடாரம் வாங்கியே தீருவாய் என்றால் தரையில் போடுகிற கூடாரமாக வாங்கு. அதற்கும் நானே பணம் அனுப்புகிறேன்.