மண் தேயும் வேகத்தை அளக்கும் முறை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் சுற்றுவட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், பெருமழைக்குப் பின் வாய்க்கால் நீர் கலங்கி ஓடுவதைக் கண்டு 'மண் போகிறது' என்று சொல்லாதவர் இல்லை. ஆயினும் எவ்வளவு போகிறது, அது அந்நிலத்தின் இயற்கையான தேய்மானத்தைவிட எத்தனை மடங்கு என்னும் இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்தாலன்றி, எந்தச் சரிவுக்கு முதலில் பணம் செலவிடுவது என்று தீர்மானிக்க இயலாது. முதற்கேள்விக்கு இரும்புக் கம்பியும் அளவுகோலும் போதும். இரண்டாவதற்கு, பிரபஞ்ச கிரணங்கள் மணலில் விட்டுச்செல்லும் அணுக்களை எண்ணவேண்டும். லடாக் போன்ற குளிர்ப்பாலைகளில் பெரிதும் கையாளப்படும் இம்முறை, ஜொகூரின் மழைநிலத்துக்கும் சில மாறுதல்களோடு பொருந்தும்.

1. இடத்தைத் தேர்தல்

அடுத்த ஊரான ரெங்கத்தின் பெயரால் மண்ணியலார் வழங்கும் 'ரெங்கம் மண்', கிரானைட் என்னும் கருங்கல் சிதைந்து உண்டானது. ஈரமண்ணை விரலிடையே தேய்க்கும்போது கரடான வெண்மணல் நெருடினால், அணுக்களைத் தாங்கும் குவார்ட்ஸ் அதில் உண்டென்று கொள்க. மேடு, நடுச்சரிவு, அடிவாரம் ஆகிய மூன்றும் அடங்கும்படி ஒரே சரிவைத் தேர்ந்து, லாரிப் பாதையையும் அறுவடைக்காரர் நடக்கும் தடத்தையும் விலக்குக.

2. கம்பி நடுதல்

ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய எஃகுக் கம்பிகளை, 10 சென்டிமீட்டர் வெளியே நிற்குமாறு, சரிவுக்குச் செங்குத்தாக இறக்குக. ஒரு கம்பியின் சாட்சியம் சாட்சியமாகாது. கறையான் புற்றும், மரவேரும், கால்மிதியும் அதைப் பொய்யாக்கக்கூடுமாதலால், வரிசைக்குப் பல கம்பிகளாக நட்டு, எல்லாவற்றின் சராசரியையே நம்பவேண்டும்.

3. அளந்து கணக்கிடுதல்

வெளியே நிற்கும் நீளத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், குறைந்தது ஓராண்டேனும், மில்லிமீட்டர் கணக்கில் குறித்துவருக. நீளம் கூடினால் அரிப்பு, குறைந்தால் படிவு. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போவதென்பது 10 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.3 டன் என்று கொண்டால் 13 டன்; ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,300 டன். கண்ணுக்குப் புலப்படாத தேய்மானம் இத்துணைப் பாரமாவது இக்கணக்கினால்தான் விளங்கும்.

4. ஓடை மணல் எடுத்தல்

குளிர்ப்பாலையில் செடிகொடிகள் மூடாத வெறும்பாறையின் மேற்புறத்துச் சில சென்டிமீட்டரை உளியால் பெயர்த்தெடுப்பர். நம் நாட்டில் பாறை ஆழத்தில் புதைந்து கிடப்பதால், சரிவுகள் அனைத்தின் மணலையும் கலந்துகொண்டுவரும் ஓடையே நமக்குத் துணை. ஓடைப் படுகையில் இரண்டு கிலோ அளவு மணலை அள்ளி, கால் முதல் அரை மில்லிமீட்டர் வரையுள்ள மணிகளைச் சலித்தெடுத்து, இடத்தின் அட்சரேகையும் உயரமும் எழுதிய பையில் இடுக. கரை சரிந்து விழுந்த இடத்துக்குக் கீழே எடுக்கலாகாது. கிரணங்கள் எட்டாத ஆழத்து மணல் அங்கே கலந்து, அரிப்பை மிகுத்துக் காட்டிவிடும்.

5. ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல்

குவார்ட்ஸைச் சுத்திகரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். அது எலும்புவரை ஊடுருவும் அபாயம் உடையதாகையால், வீட்டிலோ தோட்ட ஸ்டோரிலோ முயலவே கூடாது. கிரணங்கள் மணலில் விட்டுச்சென்ற பெரிலியம்-10 அணுக்களை எண்ணுவது துகள்முடுக்கிச் சாதனம். புதுடெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் போன்ற சில நிலையங்களிலேயே அது உண்டு.

6. பண்டைய வேகத்தைக் கணித்தல்

பிரபஞ்ச கிரணங்கள் குவார்ட்ஸிலுள்ள ஆக்ஸிஜனை உடைக்கும்போது பெரிலியம்-10 பிறக்கிறது. அதன் அரையாயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். நிலம் மெதுவாகத் தேய்ந்தால் மணல் மேற்பரப்பின் அருகே நெடுங்காலம் தங்கி அணுக்களை மிகுதியாகச் சேர்க்கும். விரைந்து தேய்ந்தால் குறைவாகச் சேர்க்கும். இதற்குரிய சமன்பாடுகளை 1991இல் முறைப்பட வகுத்தவர் காசியில் பிறந்த விஞ்ஞானி தேவேந்திர லால். துருவப் பகுதிகளின் கடல்மட்டத்தில் ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள் பிறக்கின்றன; நிலநடுக்கோட்டருகே அது குறையும், மலையுயரத்தில் கூடும். உதாரணமாக, கிராமுக்கு 10 லட்சம் அணுக்கள் இருந்தால், 4ஐ 10 லட்சத்தால் வகுத்து, சிதைவு விகிதமான 0.0000005ஐக் கழித்து, கிரணம் பாறையில் ஊடுருவும் அளவாகிய 60 சென்டிமீட்டரால் பெருக்குக: பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் என்பது விடை. அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் 1 மீட்டருக்கும் குறைந்த வேகங்கள் காணப்பட்டுள்ளன.

7. ஒப்பிட்டுத் தீர்மானித்தல்

மேலிருந்து ஓரிரு அங்குலம் அண்மையில் போயிருந்தாலும் இந்த அணுக்கணக்கு அதிகம் மாறாது. ஆகவே உழைப்பாளர் கால்படாத காலத்து வேகத்தையே அது சொல்லும். இந்த நயத்தைப் பயன்படுத்தி, இலங்கையில் நம்மவர் தேயிலை பறித்த மலைகளையும் உள்ளடக்கிய மேல் மகாவலிப் பிரதேசத்தில், திலக் ஹேவாவசம் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கை அரிப்பு ஆண்டுக்குச் சதுர கிலோமீட்டருக்கு 13 முதல் 30 டன் மட்டுமே என்று காட்டிற்று. செங்குத்தான மலையும் கனமழையும் இருந்தால் அரிப்பும் கடுமையாகவே இருக்கும் என்ற எண்ணம் அதனால் ஆட்டங்கண்டது. உங்கள் ஓடையின் அணுக்கணக்கு வரும்வரை அந்த எண்ணையே தற்காலிக அளவுகோலாக வைத்துக்கொண்டால், கம்பியில் கண்ட 1 மில்லிமீட்டர், இயற்கை வேகத்தைப்போல் 40 முதல் 100 மடங்கு என்றாகிறது.

இந்த மடங்கு எந்தச் சரிவில் மிகுதியோ, அங்கேதான் வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவதையும், மூடுபயிர் விதைப்பதையும் முதலில் தொடங்கவேண்டும். கம்பிகளைப் பிடுங்காமல் விட்டுவைத்தால், செய்த செலவு பலித்ததா என்பதையும் அடுத்த ஆண்டு அவையே சொல்லும்.