தஞ்சை நாட்டுப் பழந்தேவாலயங்கள்

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே, நெல்வயல்கள் முடிந்து மணற்பரப்புத் தொடங்குமிடத்தில், தரங்கம்பாடி என்னும் பழம்பட்டினம் உள்ளது. அலைகள் பாடும் ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஆயினும் அவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டு, சடங்கன்பாடி என்றே குறிக்கின்றது. பாடும் அலைகள் ஊரை அரிக்கவும் செய்தன. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டது.

1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு நாட்டினர் இவ்வூரில் கோட்டை கட்டி வாணிகம் செய்ய இசைந்தார். அந்நாளில் டென்மார்க்கும் நார்வேயும் ஒரே மன்னன் குடைக்கீழ் இருந்தன. இங்கு வாழ்ந்த ஐரோப்பியர் வழிபடுதற்கென 1701இல் சீயோன் ஆலயம் எழுந்தது.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செர்மனி நாட்டினரான சீகன்பால்கு ஐயர் வந்திறங்கினார். இருபத்து நான்கு வயதினராகிய அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். வேற்று மொழியைக் கற்கப் புகுவோர் பலர் நூல்களையே நாடுவர். அவர் சிறுவர்களை நாடியது வியத்தற்குரியது. மறு ஆண்டே தமிழ் மக்களுக்கென எருசலேம் என்னும் சிற்றாலயம் ஒன்றை அமைத்தார். கடலுக்கு மிக அணித்தே இருந்த அது நெடுநாள் நிலைக்கவில்லை.

எனவே, 1717இல் ஊரினுள் இராச வீதியில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது; 1718 அக்டோபரில் பணி நிறைவுற்றது. புதிய எருசலேம் ஆலயம் எனப்படும் இக்கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு சிலுவை வடிவில் அமைந்தது. நான்கு கைகளிலும் அமர்வோர் நடுவிடத்தை நோக்க இவ்வமைப்பு இடந்தருகின்றது. முகப்பில், நான்காம் பிரெடெரிக்கு மன்னனின் பெயர் முத்திரை முடியுடன் விளங்குகின்றது. வெளியே காண்பது வடபுல அரசனின் முத்திரை. உள்ளே ஒலித்ததோ தமிழ். ஆலயம் நிறைவுற்ற நான்கு திங்களில் ஐயர் மறைந்தார். அவர்தம் கல்லறை ஆலயத்தின் உள்ளேயே இருக்கின்றது.

கடற்கரைக் கட்டடத்தைக் காப்பது எளிதன்று. உப்புக்காற்று சுண்ணாம்புப் பூச்சை உதிர்க்கும். ஆண்டுதோறும் கவனியாவிடின் செங்கல்லும் பொடியாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தரங்கம்பாடியைத் தாக்கியது. ஆலயம் அதன்பின் பழுது பார்க்கப்பெற்று இன்றும் வழிபாட்டில் உள்ளது.

தஞ்சை மாநகரில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள கிறித்து ஆலயம் 1779இல் எழுந்தது. அதனை எழுப்பிய சுவார்ட்சு ஐயர், 1750இல் தரங்கம்பாடிக்குப் பணிபுரிய வந்தவர். இளமையில் இரண்டாம் சரபோசி மன்னருக்கு ஆசானாகவும் விளங்கியவர். 1798இல் அவர் மறைந்தபின், மன்னர் இலண்டனில் பிளாக்சுமன் என்னும் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்று செய்வித்து, கடல்வழியே வருவித்து, இவ்வாலயத்தில் அமைத்தார். படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையை மன்னர் பற்றி நிற்பதாக அது அமைந்துள்ளது. பெருவுடையார் கோயிற் சுவரில் தம் குலவரலாற்றைப் பொறிப்பித்தவரும் இம்மன்னரே. இரண்டு இடங்களும் நடந்தே சென்று காணும் தொலைவில் உள்ளன.