ஒரே ஊரில் இரண்டு ஜும்ஆ கூடுமா?

கேள்வி: எங்கள் கடலோர ஊரில் எல்லாரும் ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குத்பா பள்ளிதான். மற்றப் பள்ளிகளில் ஐவேளைத் தொழுகை மட்டும். போன ரமலானிலிருந்து இன்னொரு பள்ளியிலும் ஜும்ஆ தொடங்கிவிட்டார்கள். என் மகன் அங்கே போகிறான். "முந்தித் தக்பீர் கட்டினவர்களுக்குத்தான் ஜும்ஆ, பிந்தினவர்கள் ளுஹர் தொழணும்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்ல, வீட்டிலேயே வாக்குவாதம். எங்களில் யாருடைய ஜும்ஆ கூடும், ஹஜ்ரத்?

பதில்: அந்தப் பெரியவர் தன் மனதிலிருந்து எதையும் சொல்லிவிடவில்லை. கிதாபில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார். பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் ஒவ்வொரு கோத்திரத்தின் குடியிருப்பிலும் பள்ளி இருந்தது. ஐவேளையும் அங்கே தொழுதார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாரும் நபியின் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். அவாலி என்னும் மேட்டுப்புறத்திலிருந்து புழுதியும் வியர்வையுமாக வந்தவர்களைப் பார்த்துத்தான் "இந்த நாளுக்காகக் குளித்துவிட்டு வரக் கூடாதா" என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நாம் வெள்ளிக்கிழமை குளிக்கிறோமே, அந்தக் குளிப்புக்குப் பின்னால் இருப்பது இந்த நடைதான். ஊர் முழுவதும் ஒரு கூரையின் கீழ் முகம் பார்க்க வேண்டும் என்பதே ஜும்ஆவின் உயிர். அதனால்தான் ஷாஃபிஈ இமாம்கள் ஓர் ஊருக்கு ஒரு ஜும்ஆ என்றார்கள். காரணமில்லாமல் இரண்டு நடந்தால் முந்தியதே செல்லும் என்றார்கள். எது முந்தியது என்பதை எப்படி முடிவு செய்வது? இமாமின் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரில் கடைசி 'ர' எழுத்து எங்கே முதலில் முடிகிறதோ அது முந்தியது. அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் விட்டுவிட்ட மறுபாதிக்கு வருகிறேன். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஹிஜ்ரி 195-இல் பக்தாத் போனார்கள். டிஜ்லா நதி நடுவே ஓடும் பெருநகரம் அது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஜும்ஆ நடந்துகொண்டிருந்தது. பார்த்தார்கள், தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதற்குப் பின்வந்தவர்கள் பல விளக்கம் சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) சரியென்று எடுத்துக்கொண்டது இதை: எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது கடினமானால், தேவைக்குத் தக்கபடி கூடுதல் ஜும்ஆ நடத்தலாம். அப்படித் தேவைக்காக நடக்கும்போது முந்தியது, பிந்தியது என்ற பேச்சே இல்லை, எல்லாம் செல்லும். ஹனஃபி மத்ஹபில் இன்னும் தாராளம். ஓர் ஊரில் பல இடங்களில் ஜும்ஆ நடத்தலாம் என்பதே அங்கே பலமான சொல்.

இந்தச் சட்டம் எவ்வளவு கனமாகப் பார்க்கப்பட்டது என்பதற்குக் கெய்ரோ சாட்சி. 1171-இல் ஃபாத்திமிய்யா ஆட்சி முடிந்து ஸலாஹுத்தீன் அய்யூபி பொறுப்புக்கு வந்தபோது தலைமைக் காழியாக இருந்தவர் ஸத்ருத்தீன் இப்னு திர்பாஸ் என்ற ஷாஃபிஈ அறிஞர். ஒரே நகரில் இரண்டு குத்பா கூடாது என்றார். ஹாகிம் பள்ளி பெரியது, ஜும்ஆ அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அல்-அஸ்ஹரில் ஜும்ஆ நின்றது. உலகமே பெயர் சொல்லும் அல்-அஸ்ஹரில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வெள்ளிக்கிழமை குத்பா ஓதப்படவில்லை! சுல்தான் பைபர்ஸ் காலத்தில், 1266-இல்தான் மீண்டும் தொடங்கியது. அப்போதும் ஷாஃபிஈ காழி இணங்கவில்லை. ஹனஃபி அறிஞர்களின் சொல்லை வைத்தே நடந்தது. அத்தனை காலமும் அஸ்ஹரில் தொழுத மக்கள் வெள்ளிக்கிழமையானால் ஹாகிம் பள்ளிக்கு நடந்தார்கள். எனக்கு இதில் மனம் நெகிழும்.

உங்கள் ஊருக்கு வருவோம். இரண்டாவது ஜும்ஆ எதற்காக வந்தது? அதை நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. இடம் போதாமை தேவை. தூரம் தேவை. இரு தரப்பும் சேர்ந்தால் வெட்டுக்குத்து ஆகும் என்ற அச்சத்தையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் தேவையில் சேர்த்திருக்கிறார்கள். நிர்வாகத் தேர்தலில் தோற்ற மனத்தாங்கல் அதில் சேராது.

சமரசம் பேச ஓர் ஊருக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பழைய பள்ளிக்கும் புதுப் பள்ளிக்கும் இருநூறு காலடித் தூரம் இருக்கும். பழைய பள்ளியில் ஹவுளை ஒட்டிய கடைசி மூன்று சஃப்பும் காலி; விரித்த பாய் விரித்தபடி கிடந்தது. கத்தீப் அஸாவை ஊன்றி மிம்பரில் ஏறியதும் ஒலிபெருக்கியில் அந்தப் பள்ளியின் பாங்கு இந்தப் பள்ளிக்குள் வந்து மோதியது. முந்த வேண்டும் என்று இரு பக்கமும் குத்பாவைச் சுருக்கினார்கள். என் பக்கத்தில் இருந்த முதியவர், "எந்தம்பி அங்கே இருக்கான்" என்று காதோடு சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று பயணியாக அமர்ந்திருந்த எனக்கே நெஞ்சு அடைத்தது.

ஆகவே என் பதில் இது. பழைய பள்ளி நிரம்பி வழிந்து, வெயிலில் தெருவில் தொழும் நிலை இருந்தால், உங்கள் ஜும்ஆவும் மகனுடையதும் இரண்டும் கூடும். பேணுதலுக்காக யாராவது தனியே ளுஹரும் தொழுதுகொண்டால் தடுக்காதீர்கள். தொழாதவரைக் குறை சொல்லவும் வேண்டாம். பழைய பள்ளியில் இடமிருக்க, பிணக்கால் பிரிந்திருந்தால், நம் மத்ஹபின்படி பிந்திய ஜும்ஆவை நம்பி இருக்க முடியாது. மகனிடம் வாதாட வேண்டாம். "வாப்பாவோடு வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. வருகிற நான்கு வெள்ளிக்கிழமையும், பக்கத்துத் தெருக்காரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பள்ளியிலும் சஃப்பை எண்ணுங்கள். வெளியே தொழுகிறவர்களையும் எண்ணுங்கள். கணக்கை எழுதி இரண்டு ஜமாஅத்திடமும் கொடுத்து, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.