கொச்சிக் கோட்டை தரும் பாடம்



விடுமுறையில் ஊர் காணச் செல்லும் நம்மில் பலர், காணும் பொருளின் பெயரைக் கேட்டதோடு நிறைவு கொண்டு திரும்பிவிடுகிறோம். அப்பெயர் பொருந்துமா, அப்பொருளை ஆக்கியவர் யார் என்று வினவும்போதுதான் சுற்றுலா கல்வியாகிறது.

சீனமும் போர்த்துக்கல்லும் கலந்த நகரம் என்றவுடன் மக்காவோ நினைவுக்கு வரும். 1557இல் போர்த்துக்கீசியர் குடியமர்ந்து, 1999இல் சீனத்திடம் ஒப்படைக்கப்பட்ட துறைமுகம் அது. அவ்வளவு தொலைவு செல்ல மாணவர் கைப்பொருள் இடந்தராது. ஆனால் பாலக்காட்டிலிருந்து இரயிலிலும், மூணாற்றிலிருந்து அடிமாலி, கோதமங்கலம் வழியாகப் பேருந்திலும் சில மணி நேரத்தில் அடையக்கூடிய கொச்சிக் கோட்டைப் பகுதி, மக்காவோவுக்கு ஒரு வகையில் உடன்பிறப்பே. இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். அங்குக் கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இடுக்கி மலைகளினூடே வரும் பெரியாற்றில் 1341இல் எழுந்த பெருவெள்ளம், பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சிக் கழிமுகத்தைக் கப்பல் புகும் வாயிலாக்கியது என்பது வரலாற்றார் பலர் கருத்து. நம் மலையின் நீரே ஒரு துறைமுகத்தை மூடி மற்றொன்றைத் திறந்தது எனலாம்.

அடுத்துக் கடற்கரையில் நிற்கும் சீன வலைகள். இவற்றில் இயற்பியல் மாணவனுக்குச் சுவையான பாடம் உண்டு. நெடிய மரக்கம்பங்களில் தொங்கும் வலை ஒருபுறம். கயிறுகளில் கட்டிய பெருங்கற்கள் மறுபுறம். நடுமரத்தின் மீது ஒருவர் நடந்து சென்றாலே வலை நீரில் இறங்கிவிடும். எடை அவ்வளவு சீராக ஒப்பிடப்பட்டுள்ளது. வலை மேலெழும்போது கம்பத்தின் கோணம் மாறும். அதற்கேற்ப எதிர்ச்சுமையும் மாறவேண்டும். ஆகவே கற்களை வெவ்வேறு நீளமுள்ள கயிறுகளில் கட்டியிருக்கிறார்கள். அவை ஒவ்வொன்றாக மேடையில் அமர, நிறை தானே சரியாகிறது. நெம்புகோல் தத்துவத்தை ஏட்டில் படியாத மீனவர் கண்ட தீர்வு இது!

இவ்வலைகளைக் கொணர்ந்தவர் யார்? சீன வணிகர் என்பது ஊர் வழக்கு. 1405 முதல் 1433 வரை கடற்பயணம் செய்த செங் ஹோவின் கப்பல்கள் கொச்சிக்கு வந்ததும், உடன் வந்த மா குவான் இவ்வூரைப் பற்றி எழுதியதும் உண்மை. ஆயின், மக்காவோவிலிருந்து போர்த்துக்கீசியரே இவற்றைக் கொணர்ந்தனர் என்று கூறுவோரும் உளர். வலையுறுப்புகள் சிலவற்றின் போர்த்துக்கீசியப் பெயர்களை அவர்கள் சான்றாகக் காட்டுவர். இரண்டையும் கருதுகோள்களாகக் கொள்வதே அறிவியல் முறை.

புனித பிரான்சிசு தேவாலயத்துக்குச் செல்வோம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா இங்கேதான் புதைக்கப்பட்டார். பின்னர் அவரது எச்சங்கள் போர்த்துக்கல்லுக்குச் சென்றுவிட்டன. கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. மட்டாஞ்சேரியில் உள்ள அரண்மனையை ‘டச்சு அரண்மனை’ என்பர். அதை 1555 அளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர் போர்த்துக்கீசியர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்பு புதுப்பித்தனர். கட்டியவர் பெயர் மறைந்து, செப்பனிட்டவர் பெயர் நிலைத்துவிட்டது! அருகில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தின் தரையிலோ, நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள்.

இனி நமக்குரிய பகுதி. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1579இல், அண்டிரிக் அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ இதே கொச்சியில் அச்சேறியது. போர்த்துக்கீசியரின் அச்சகம் இந்நகரில் தமிழ் பேசிற்று. கோட்டைக்கு அருகில் வெளி என்னுமிடத்துச் சலவைத்துறையில் இன்றும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கின்றன. டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டதாக அவர்கள் கூறுவர். இவர்கள் பெயரால் இங்கு அரண்மனையும் இல்லை, வலையும் இல்லை.

கலப்பு கல்லோடு நிற்கவில்லை; நம் நாவிலும் இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியன போர்த்துக்கீசியர் வழி வந்த சொற்கள். போடியிலும் புற்றடியிலும் நடைபெறும் ‘ஏலக்காய் ஏலம்’ என்ற தொடரைப் பாருங்கள்: முன்சொல் மலைக்குரியது; பின்சொல் கப்பலில் வந்தது.

எல்லைப்புறத்தில் வாழும் நம்மை, இங்குள்ளோர் ‘தமிழர்’ என்பர்; தமிழகத்து உறவினர் ‘மலையாளத்தார்’ என்பர். இரண்டு பெயரும் நம்மை அரைகுறையாகக் காட்டுவதாய் எண்ணி நான் வருந்தியதுண்டு. கொச்சியைக் கற்றபின் அவ்வருத்தம் குறைந்தது. வந்தவர் உழைப்பாலேயே அந்நகரம் நகரமாயிற்று. வந்தவர் என்பதனால் எவரும் அயலாராகிவிடுவதில்லை. அவர் செய்த பணி பதியப்படாதபோதுதான் அயலாராகிறார்.

ஆகவே தோழர்களே, அடுத்த விடுமுறையில் கொச்சிக்குச் செல்லுங்கள். காலையில் வலை, பின்னர் தேவாலயம், நண்பகலில் மட்டாஞ்சேரி, மாலையில் வெளி என்று திட்டமிடுங்கள். அங்குள்ள முதியோரிடம் அவர்தம் குடும்ப வரலாற்றைக் கேட்டு, அவர் இசைவுடன் எழுதி வாருங்கள். தேயிலைக் காட்டிலும் ஏலக் காட்டிலும் உழைத்த நம் பாட்டன் பாட்டியர் கதையையும் அவ்வாறே எழுதுவோம். நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்?